ஆசிட் டேங்கரின் கேபினில் இருக்க வேண்டிய தாள்

கேள்வி: மேட்டூரிலிருந்து பவானி, பெருந்துறை வழியாகத் திருப்பூருக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏற்றிச் செல்லும் இரண்டு டேங்கர் லாரிகள் எனக்கு உள்ளன. லோடு தரும் நிறுவனம் பதினாறு பிரிவுகள் கொண்ட எம்.எஸ்.டி.எஸ். என்னும் பொருள் பாதுகாப்புத் தரவுத் தாள்களின் ஆங்கில நகலைக் கொடுக்கிறது. அதை அலுவலகத்தில் ஃபைலில் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் சோதனையின்போது ‘டிரெம் கார்டு (போக்குவரத்து அவசரநிலைத் தாள்) எங்கே?’ என்று கேட்டு அபராதம் விதித்தார்கள். ஓட்டுநர்களில் ஒருவர் பீகாரைச் சேர்ந்தவர். அவருக்கு இந்திதான் சரளமாகப் படிக்க வரும். டேங்கரின் பின்பக்கம் என் கைப்பேசி எண்ணை எழுதியிருக்கிறேன், அது போதாதா? வழியில் ஆசிட் கசிந்தால் தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். திரும்பி வரும்போது ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) லோடு பிடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் கேட்கிறார். அபாயகரப் பொருள்களின் வகைப்பாட்டில் இரண்டும் எட்டாம் வகுப்புதானே, ஏற்றலாமா?

பதில்: மதிப்பிற்குரிய வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியில் உயிராபத்து இருப்பதால் அதற்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஆசிட் ஏற்றும் டேங்கரில் ஹைப்போ ஏற்றாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். இறக்கி முடித்த பிறகும் டேங்கரின் அடியிலும் வால்விலும் ஹோஸிலும் தங்கிவிடும் சிறிதளவு அமிலமே, ஹைப்போ பட்டதும், மேன்ஹோல் எனப்படும் டேங்கரின் மேல்வாய் அருகே நிற்பவரை மூச்சுத் திணற வைக்கப் போதுமானது. இரண்டும் எட்டாம் வகுப்பைச் சேர்ந்தவை என்பது உண்மைதான். ஆனால் அந்த வகுப்பு ‘இது அரிக்கும் பொருள்’ என்று மட்டுமே சொல்கிறது; எதனோடு எது சேரலாம் என்று சொல்வதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம், காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்), ஹைப்போ மூன்றுக்கும் டேங்கரில் ஒட்டப்படும் வகுப்புச் சின்னம் ஒன்றேதான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஐக்கிய நாடுகள் எண் எனப்படும் நான்கிலக்க எண். அமிலத்துக்கு 1789, லைக்கு 1824, ஹைப்போவுக்கு 1791.

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆட்சிசன் நகரில், ஒரு டேங்கரிலிருந்து இறக்கப்பட்ட கந்தக அமிலம் தவறுதலாக ஹைப்போ இருந்த சேமிப்புத் தொட்டிக்குள் போய்விட்டது. எழுந்த நச்சு மேகத்தால் 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாட வேண்டியிருந்தது. அங்கே வண்டி கவிழவில்லை, டேங்கர் ஓட்டையாகவும் இல்லை. அருகருகே ஒரே மாதிரி இருந்த இணைப்புக் குழாய்களில் தவறான ஒன்றில் ஹோஸ் மாட்டப்பட்டது, அவ்வளவே. டேங்கரை முழுமையாகக் கழுவி, கழுவிய நீரைச் சுத்திகரித்து, அதற்குச் சான்றிதழும் தரக்கூடிய வசதி உங்களிடம் இருந்தால் வேறு பேச்சு. இரண்டு வண்டிகள் வைத்திருக்கும் உரிமையாளரிடம் அது இருக்குமென்று நான் நினைக்கவில்லை. ஒரு டேங்கருக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டியாகத் திரும்புவதில் வரும் நஷ்டத்தை லோடு தருபவரிடம் வாடகையாகப் பேசி வாங்குங்கள்.

இனி, அபராதத்துக்குக் காரணமான தாளைப் பற்றி. எம்.எஸ்.டி.எஸ். தருவதோடு கடமை முடிந்துவிட்டதாக லோடு தரும் நிறுவனங்கள் பலவும் நினைக்கின்றன. அபாயகர இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தத் தாள் தேவையானதுதான். ஆனால் அது ஆலையின் பாதுகாப்பு அதிகாரியும் ஆய்வகத்தாரும் மேசையில் உட்கார்ந்து படிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. சாலைக்கு வேறு சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை உள்ளவை அபாயகரப் பொருள்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கானவை. அவற்றுள் 131ஆம் விதி, பொருளின் அபாயத்தைப் பற்றிய முழுமையான, சரியான தகவலை வாகன உரிமையாளருக்குத் தரும் பொறுப்பை லோடு அனுப்புபவர்மீது சுமத்துகிறது. 132ஆம் விதி, அந்தத் தகவல் முழுமையானதுதானா என்று சரிபார்த்து, விதிகளின் ஐந்தாம் இணைப்பில் காட்டியுள்ளபடி எழுத்து வடிவில் ஓட்டுநரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை உங்கள்மீது சுமத்துகிறது. 133ஆம் விதி, பொருள் வண்டியில் இருக்கும் நேரம் முழுவதும் அந்தத் தாளைக் கேபினிலேயே வைத்திருக்கும் கடமையை ஓட்டுநருக்குத் தருகிறது. அந்தத் தாளைத்தான் டிரெம் கார்டு என்கிறோம். ஆகவே உங்கள் அலுவலக ஃபைலில் இருக்கும் எம்.எஸ்.டி.எஸ்., அது எவ்வளவு சரியானதாக இருந்தாலும், இந்த விதியை நிறைவேற்றாது, அபராதம் நியாயமானதே.

132ஆம் விதியில் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஏற்றியிருக்கும் பொருளின் தன்மையையும் அதன் அபாயத்தையும் ஓட்டுநர் புரிந்துகொண்டிருக்கிறார், அவசர நேரத்தில் தக்க நடவடிக்கை எடுக்கக் கூடியவராக இருக்கிறார் என்று உரிமையாளர் தாமே திருப்தி கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தி மட்டும் சரளமாகப் படிக்கும் ஒருவரிடம் ஆங்கிலத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தத் திருப்தியை அடைந்துவிட முடியாது. இத்தகைய வாகன ஓட்டுநருக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று 9ஆம் விதி சொல்வது உண்மை. ஆயினும், புகை சூழ்ந்த நெடுஞ்சாலையில் நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் படிக்க வேண்டிய தாளை, தேர்வில் தேறிய ஆங்கிலத்தை நம்பி எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே அபாயகரப் பொருள்களைச் சாலை வழியே கொண்டுசெல்வதற்கான ஒப்பந்தத்தில் 2009ஆம் ஆண்டு ஒரு மாற்றம் செய்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அனுப்புநர் தனித்தனிக் கார்டு தரும் முறையைக் கைவிட்டு, எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான நான்கு பக்க அறிவுரையை வண்டி உரிமையாளரே தர வேண்டும் என்றும், அது ஓட்டுநரும் உடன் செல்பவரும் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் வகுத்தார்கள். பொதுவான அறிவுரை என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஒரே பொருளை ஒரே தடத்தில் ஏற்றும் உங்களைப் போன்றவருக்குப் பொருளுக்குரிய கார்டே பயன்படும். மொழியைப் பற்றிய பகுதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கார்டை யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். முதலில் ஓட்டுநரும் கிளீனரும், அடுத்து அந்த வழியே ரோந்து வரும் காவலர், அதன்பின் தீயணைப்பு நிலையத்திலிருந்து வரும் வீரர், கடைசியாகப் பவானியிலோ பெருந்துறையிலோ அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர். முதல் கால் மணி நேரத்துக்குள் வருபவர் எவரும் வேதியியல் படித்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே உங்கள் கார்டு ஒரே தாளில், ஒருபக்கம் தமிழிலும் மறுபக்கம் இந்தியிலும், பொருளின் பெயரும் எண்களும் மட்டும் ஆங்கிலத்திலும் சேர்ந்து இருக்கட்டும். லேமினேட் செய்து, கதவைத் திறந்தவுடன் வெளியிலிருந்து கை நீட்டி எடுக்கக்கூடிய இடத்தில் மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புத்தகத்தோடும் இன்சூரன்ஸோடும் சேர்த்துக் கட்டிவைத்தால், விபத்து நேரத்தில் அது இல்லாததற்குச் சமம். இன்னொன்று: வேறு லோடுக்கான பழைய கார்டு எதுவும் கேபினில் இருக்கக் கூடாது. இரண்டு கார்டுகள் கிடைத்தால், வருபவர் தவறானதை நம்பிவிடும் வாய்ப்பு சரிபாதி.

அதில் என்ன எழுத வேண்டும்? பொருள் ஹைட்ரோகுளோரிக் அமிலம், எண் 1789, வகுப்பு 8 என்பதும், ஏற்றியிருக்கும் அமிலத்தின் செறிவு எத்தனை சதவீதம் என்பதும் தலைப்பில் வர வேண்டும். சந்தைக்கு வரும் அமிலம் பெரும்பாலும் 30 முதல் 33 சதவீதம் வரை இருக்கும். அடுத்ததாக அதன் இயல்பு: தோலையும் கண்ணையும் அரிக்கும், வெண்புகை எழுப்பும், அந்தப் புகை காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும், இரும்பிலும், சாலையோரத் தடுப்பில் பூசியுள்ள துத்தநாகத்திலும் பட்டால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அமிலம் தானாக எரியாது என்பதால் பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைசி வரி அவர்களுக்காகத்தான்.

பிறகு ஓட்டுநர் செய்ய வேண்டியவை, செய்யும் வரிசையிலேயே வர வேண்டும். இன்ஜினை நிறுத்துதல், காற்று வரும் திசைக்கும் மேட்டுப் பகுதிக்கும் நகர்தல், எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை விலக்குதல், டேங்கரே தீயில் சிக்கியிருந்தால் அந்தத் தூரத்தை 800 மீட்டராக்குதல், 112க்கும் லோடு அனுப்பிய நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுதல். முகக்கவசமும் அமிலம் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் அணிந்திருந்தால் மட்டுமே, அதுவும் அருகில் போகாமல் முடியுமானால் மட்டுமே வால்வை மூட முயல வேண்டும். வீரம் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல என்பதை ஓட்டுநரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்தவுடன் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் ஓட்டுநர் தெரிவிக்க வேண்டும் என்று 136ஆம் விதி சொல்கிறது. கிராமத்தார் அடிப்பார்கள் என்று பயந்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டால், வண்டியில் இருப்பது என்னவென்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதரும் ஓடிவிட்டதாகவே பொருள்.

தண்ணீரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்பவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை; அவரவர் வேறு வேறு அமிலத்தையும் வேறு வேறு நிலைமையையும் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். உடம்பில் பட்டால் தயங்காமல் தண்ணீர்தான்: அமிலம் பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். எண்ணெய், மஞ்சள், பற்பசை எதையும் பூசக் கூடாது. ஆசிட்டை முறிக்கிறேன் என்று சோடா மாவையும் தோலில் தேய்க்கக் கூடாது. காற்றில் எழும் புகையை அமுக்கவும் தண்ணீர் பயன்படும். ஆனால் அது தீயணைப்பு வீரர் பூத்தூறலாக அடிக்கும் தண்ணீர். சாலையில் தேங்கிய அமிலத்தின்மேல் வாளி வாளியாக ஊற்றினால் அது பரவுமே தவிர அடங்காது. டேங்கருக்குள் தண்ணீர் விடவே கூடாது.

அமில டேங்கர்களின் பலகையில் 2ஆர் என்று ஒரு குறியீடு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹசகெம் என்னும் இந்தக் குறியீடு தீயணைப்புத் துறைக்கானது. 2 என்றால் பூத்தூறல்; ஆர் என்றால் உடல் முழுவதையும் மூடும் திரவம் புகாத உடையும் சுவாசக் கருவியும் அணிய வேண்டும், பொருளை நிறையத் தண்ணீரால் நீர்க்கச் செய்து கழுவிவிடலாம் என்று பொருள். கந்தக அமிலத்துக்கு அது 2பி ஆகிவிடுகிறது. பி என்ற எழுத்து, பொருள் கடுமையாக வினைபுரியக்கூடும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறது. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். இந்த இரண்டு அமிலங்களை ஏற்றும் வண்டிகளின் பின்னாலும் ‘ஆசிட்’ என்று மட்டும் எழுதியிருந்தால், தண்ணீர் அடிக்க வருபவர் எதை நம்பி அடிப்பார்?

‘கழுவிவிடலாம்’ என்ற அனுமதியை உங்கள் தடத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேட்டூரிலிருந்து பவானி வரை உங்கள் வண்டி பெரும்பாலும் காவிரியை ஒட்டியே போகிறது. அந்த ஆற்றிலிருந்துதான் வழியெங்கும் ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். அங்கே சிந்திய அமிலம் வாய்க்காலில் இறங்காதபடி மண்ணாலோ மணலாலோ வரப்புக் கட்டித் தேக்குவதே முதல் வேலை என்று உங்கள் கார்டில் தனியாக எழுதுங்கள். சுண்ணாம்பு தூவி முறிக்கலாம் என்பது சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 சதவீத அமிலம் ஒரு டன் சிந்தினால் அதை முறிக்க ஏறக்குறைய 300 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். கேபினில் இருக்கும் இரண்டு மூட்டை, வால்வில் சொட்டுவதற்குக் காணுமே தவிர டேங்கர் கவிழ்ந்ததற்குக் காணாது. காஸ்டிக் லையை ஊற்றி முறிக்கும் யோசனையையும் யாராவது சொல்வார்கள். அந்த வினையில் எழும் வெப்பம் அமிலத்தைப் புகையாகக் கிளப்பிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

அடுத்து, டேங்கரின்மேல் உள்ள பலகை. 134ஆம் விதியின்படி அவசரத் தகவல் பலகை மூன்று இடங்களில், அதாவது இரு பக்கவாட்டிலும் பின்புறத்திலும் இருக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் எழுதுவது போதாது. பொருளின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், ஐக்கிய நாடுகள் எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இலக்கத்தில், வகுப்புச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், தொலைபேசி எண்கள் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விதியின் வாசகத்தில் ‘வகுப்பு எண்’ என்ற சொல் இருப்பதால் சிலர் வெறும் 8 என்று எழுதிவிடுகிறார்கள். நான்கிலக்க எண் இல்லாத பலகையால் பயன் ஒன்றுமில்லை. டேங்கர் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தால் அந்தப் பக்கப் பலகை தரையோடு போய்விடும் என்பதற்காகத்தான் மூன்று இடங்கள். காலி டேங்கரிலும், அதைக் கழுவாதவரை, பலகை அப்படியே இருக்கட்டும். உள்ளே அமில ஆவி இருக்கிறது.

தொலைபேசி எண்தான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. அவசரச் சேவையின் எண்ணோடு, பொருளைப் பற்றி வல்லுநர் ஆலோசனை தரக்கூடிய அனுப்புநர் அல்லது வேறொருவரின் பெயரும் எண்ணும் பலகையில் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. உங்கள் கைப்பேசி எண்ணில் அழைத்தால் தீயணைப்பு அதிகாரிக்குக் கிடைப்பது வண்டியின் விவரமே தவிர அமிலத்தைப் பற்றிய ஆலோசனை அல்ல. நிறுவனங்கள் தரும் அலுவலக எண்ணோ, மாலை ஆறு மணிக்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கும். அமில டேங்கர்கள் ஓடுவதோ இரவில். அமெரிக்கக் கூட்டரசு விதிகள் இதில் கண்டிப்பானவை: பொருள் சாலையில் இருக்கும் நேரம் முழுவதும், அதைப் பற்றி அறிந்த ஒருவரோ அப்படி ஒருவரை உடனே தொடர்புகொள்ளக் கூடியவரோ அந்த எண்ணில் இருந்தாக வேண்டும், பதிவுக் கருவியோ, திரும்ப அழைக்கிறோம் என்ற பதிலோ செல்லாது. அந்த நாட்டில் 1971இல் தொடங்கிய கெம்டிரெக் என்னும் மையம் இந்தப் பணிக்காகவே இரவு பகலாக இயங்குகிறது. இந்தியாவில் இந்திய இரசாயன மன்றத்தின் நைசர் குளோப் அமைப்பு இத்தகைய உதவியைத் தருகிறது. உங்களுக்கு லோடு தரும் நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எப்படியானாலும், பலகையில் எழுதும் முன் அந்த எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் நீங்களே அழைத்துப் பாருங்கள். எடுப்பவர் 1789 என்ற எண்ணைக் கேட்டதும் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஆனால் இதைச் செய்த உரிமையாளர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனுடன் 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033 ஆகியவற்றையும் கார்டில் எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் தேவையா என்று தோன்றினால், 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து கசிந்ததை நினைத்துப் பாருங்கள். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைத் தொடர்ந்து பீய்ச்சினார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, உயிரிழப்பு நேரவில்லை. எரிவாயு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சமையலறையிலேயே அதோடு பழகியிருக்கிறோம். 1789 என்ற எண்ணுள்ள அமிலத்தோடு நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதை வருபவருக்குச் சொல்ல உங்கள் பலகையையும் கார்டையும் தவிர வேறெதுவும் அங்கே இருக்காது.

கார்டில் பெயர் சொல்லும் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், முதலுதவிப் பெட்டி, சுத்தமான தண்ணீர் கேன் ஆகியவை வண்டியில் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வழித்தடத்தையும் நேர அட்டவணையையும் நீங்களும் அனுப்புநரும் சேர்ந்து வகுக்க வேண்டும் என்பதும் 132ஆம் விதியிலேயே இருக்கிறது. ஊருக்குள் புகாத தடமாகப் பார்த்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வாகனத்தில் கொண்டுசெல்வதையும் தன் வரம்புக்குள் வைத்திருப்பதால், உங்கள் வண்டி இன்சூரன்ஸ் மட்டும் போதுமா என்பதை முகவரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது, லோடு தரும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம். 131ஆம் விதியைக் குறிப்பிட்டு, ஐந்தாம் இணைப்பின்படியான கார்டும், இரவிலும் எடுக்கப்படும் வல்லுநர் எண்ணும், ஏற்றும் அமிலத்தின் செறிவும் வேண்டும் என்று கேளுங்கள். தமிழ், இந்தி வடிவங்களை அவர்கள் தர மறுத்தால், நீங்கள் எழுதியதை அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டிச் சரிபார்த்துக் கையொப்பம் பெறுங்கள். கார்டு வந்தபின் இரண்டு ஓட்டுநர்களையும் உட்கார வைத்து, அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தடுமாறும் சொல்லை மாற்றி எழுதி, அதன் பிறகே லேமினேட் செய்யுங்கள்.

அன்புடன்,
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆலோசகர்